முகிற்படமும் மனக்கருத்தும்

நிழற்படம் என்பது உள்ளதை உள்ளவாறு காட்டும் கருவித்தொழில் என்பதே பலர் கொண்டுள்ள கருத்து. சித்திரக்காரன் தன் உள்ளத்தில் உதித்ததைத் தீட்டுகின்றான். போட்டோப் பெட்டியோ தன்முன் நின்றதையன்றி வேறொன்றையும் காட்டமாட்டாது. அங்ஙனமாயின், இன்னதென்று பெயர் கூறவொண்ணாது வெறும் ஒளியும் நிழலுமாய் அமைந்த நிழற்படமொன்றில், அதனை எடுத்தவனுடைய இன்ப துன்பங்கள் தங்குதல் கூடுமோ? கூடுமென்று கொண்டு, தம் செய்கையையே அதற்குச் சான்றாக வைத்தவர் அமெரிக்கக் கலைஞர் ஆல்பிரெட் ஸ்டீக்லிட்ஸ் (1864-1946). அவர் வரலாற்றின் ஒரு பகுதியைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நியூயார்க் நகரில் படக்காட்சிக் கூடம் நடத்தியும், ‘காமிரா ஒர்க்’ என்னும் பத்திரிகையை 1903 முதல் 1917 வரை வெளியிட்டும், நிழற்படத்தை நுண்கலைகளின் வரிசையில் அமர்த்தப் பாடுபட்டவர் இவர். இவர் எடுத்த மனித உருவப்படங்களைக் கண்ட இளம் எழுத்தாளரொருவர், அவற்றின் ஆற்றல், தம்முன் அமர்ந்தோரை வசியஞ் செய்யும் இவரது வன்மையினின்றே பிறந்தது என்னும் கருத்துப்பட எழுதினர். இச்சொல் ஸ்டீக்லிட்ஸின் உள்ளத்தைத் தைத்தது. மரத்தையும் தெருவையும் எடுத்த படங்களுக்கு யாரை வசியஞ் செய்தது என்று அவர் வினவினர். மனிதர் முகமும் அரிய இடமும் துணைநில்லாமலே தம் கலை நிற்கவல்லதோவென்று அறியத் துணிந்து, மேகங்களின்பால் தம் கருவியைத் திருப்பினர். மேகம் யாவர்க்கும் பொது. அதற்கு வரியுமில்லை, வாடகையுமில்லை.

இது நிகழ்ந்தது 1922-இல், ஜார்ஜ் ஏரிக்கரையிலுள்ள அவர் குடும்பத்தாரின் வேனில் இல்லத்தே. அக்காலை அவருடைய அன்னையார் மரணத்தை எதிர்நோக்கியிருந்தனர்; அவ்வாண்டு கழியுமுன் காலமும் ஆயினர். குடும்பத்தின் நிலபுலன்கள் சீர்குலைந்தன. செஸ்ட்நட் மரங்கள் நோயுற்றுப் பட்டன. முதுமையுற்ற குதிரையொன்றை, முதியோனாகிய வண்டிக்காரன் பேணி வந்தான். சுற்றிலும் அழிவையே கண்ட நிலையில் அவர் வானத்தை நோக்கினரென்பதை, 1923-இல் தாமே எழுதிய கட்டுரையொன்றில் தெரிவிக்கின்றனர்.

மேகத்தைப் படம்பிடித்தல் எளிதன்று. பழைய தகடுகள் நீலவொளியை மிகுதியாக ஏற்பன. ஆதலின் நீலவானும் வெண்முகிலும் வேறுபாடின்றி ஒரே வெண்மையாய்ப் பதிந்துவிடும். எல்லா நிறங்களையும் ஏற்கும் பான்குரோமாட்டிக் தகட்டோடு மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடியைக் கூட்டிய வழியே வானம் கறுத்து, முகில் எடுப்பாய்த் தோன்றும். இளமை முதலே இத்தொழில் நுட்பங்களைப் பயின்றிருந்த அவர்க்கு அப்பயிற்சி இப்பொழுது கைகொடுத்தது.

முதலில் எடுத்த பத்துப் படங்களுக்கு ‘சங்கீதம்’ என்பது கருத்தாகப் பெயரிட்டனர். அவற்றைக் காணுங்கால் எர்னஸ்ட் பிளாக் என்னும் இசைப்புலவர், இது சங்கீதமே என்று வியத்தல்வேண்டுமென விரும்பினர். அங்ஙனமே அவரும் வியந்தனர் என்று எழுதுகின்றனர். அடுத்த ஆண்டின் படங்கள் ‘வானத்தின் பாடல்கள்’ ஆயின. 1925 முதல் ‘நிகர்கள்’ எனப் பொருள்படும் ‘ஈக்குவிவலென்ட்ஸ்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1930-களின் தொடக்கம் வரை இவ்வகையில் இருநூற்றுக்கு மேற்பட்ட படங்கள் தோன்றின. அவற்றுட் பல நான்கங்குலமும் ஐந்தங்குலமுமே உள்ள சிறு படங்கள். பலவற்றில் அடிவானமோ மரக்கிளையோ இன்மையின், மேல் எது, கீழ் எது என்று துணிதலும் அரிது.

‘நிகர்’ என்னும் பெயரே அவர் கருத்தை விளக்குகின்றது. இம்முகில் அன்னையைக் குறிக்கும், அது முதுமையைக் குறிக்கும் என்று அகராதி வகுத்தாரல்லர். தாம் வாழ்க்கையில் ஆழ உணர்ந்ததற்கு ஒப்பான வடிவம் வானத்தில் தோன்றும்போது, அதனைப் பற்றிக்கொண்டமையே அவர் செய்தது. வானம் அவர் படைத்ததன்று. ஆயினும் கணத்தைத் தெரிதலும், எல்லையை வகுத்தலும், கருமையின் அளவை நிறுத்தலும் அவருடையன. தெரிவு உள்ள இடத்தில் உள்ளமும் உண்டு.

எனினும் ஒரு தடை எழும். அன்னையின் நோயைப் பற்றி யாதும் அறியாதான் அப்படத்தைக் கண்டு என்ன பெறுவான்? சாகித்தியமின்றி இராக ஆலாபனம் கேட்பவனை நினைப்போமாக. பாடுவோனுடைய துயரின் காரணத்தை அவன் அறியான். ஆயினும் அவனுள்ளம் உருகுகின்றது. உருகுங்கால், தன் வாழ்க்கையில் நேர்ந்த துயரே அவன் நினைவில் எழுகின்றது. காரணம் கலைஞனோடு நின்றுவிடும். உணர்ச்சி மட்டுமே கடந்து வரும். அங்ஙனம் வருமாயின் படம் தன் தொழிலை முடித்ததேயாம். வாராதாயின், எடுத்தவன் எத்துணை விளக்கம் எழுதி ஒட்டினும் பயனில்லை என்பதே எம் துணிபு.

நம் நாட்டினர் இங்கே மகிழ்தற்குரிய செய்தியொன்று உளது. கொழும்பில் 1877-இல் தமிழ்த் தந்தையார்க்குத் தோன்றிய கலைப்பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமியே, 1924-இல் ஸ்டீக்லிட்ஸின் இருபத்தேழு படங்கள் பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையில் இடம்பெறக் காரணராயினர். நிழற்படத்தைக் கலையென்று ஏற்கப் பெரிய காட்சிச்சாலைகள் தயங்கிய காலமது. கருங்கல்லிலும் வெண்கலத்திலும் உட்பொருள் காணப் பழகிய கண்ணுக்கு, வெள்ளியுப்புப் பூசிய காகிதத்திலும் அது புலனாயிற்றுப் போலும்.

மாணவ நண்பர்காள்! உருவம் விளங்காத படமொன்றைக் காண நேரின், ‘இது யாது?’ என்று வினவுமுன் சிறிது நேரம் வாளா நின்று நோக்குமின். இது நும்முள் எதனை எழுப்புகின்றது என்னும் வினாவே முதற்கண் வினவத்தக்கது.