சாயக் கழிவில் உப்பை எப்படிப் பிரிக்கிறார்கள்?

சாயத்தின் நிறத்தைக்கூட நீக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத உப்புதான் பெரும்பாடு. சாயநீரில் பருத்தி இழை, சாயம் இரண்டுக்குமே எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை ஏறவைப்பது உப்பு. ஆனால் அது துணியில் தங்காது. அலசும் நீரோடு வெளியேறிவிடும். நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் பெரும்பங்கு இதற்குத்தான். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். சரியான தீர்ப்பு.

திருப்பூர் அருகே அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் தின்றபின், ஆர்.ஓ. சவ்வில் அழுத்தம் கொடுத்து நீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் செறிந்த உப்புநீரைத் தெளியவைத்துச் சாயமேற்றவே திருப்பி அனுப்பும் வழியும் இங்கே உண்டு. எஞ்சியதை ஆவியாக்கிகள் வற்றவைக்கும். கடைசியில் சேரும் கலப்பு உப்புக்குத்தான் நல்ல போக்கிடம் தேட வேண்டும்.