குளிரில் நொறுங்கும் எஃகு

தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவற்றின் உடல் முழுவதும் எஃகுத் தகடு. பாறையில் மோதினால் தகடு நசுங்கும், வளையும், எளிதில் உடையாது. ஆனால் இதே எஃகு சில வேளைகளில் கண்ணாடியைப் போல நொறுங்கிவிடும் என்றால் நம்புவீர்களா?

1943 ஜனவரி 16. அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் அலையில்லாத நீரில் கட்டப்பட்டிருந்தது. குளிர்கால இரவு. திடீரென்று பேரொலி! கப்பலின் மேல்தளமும் பக்கங்களும் பிளந்தன. அடித்தகடுகள் மட்டுமே இரு பாதிகளையும் பிடித்துக்கொண்டிருந்தன. புயலும் இல்லை, மோதலும் இல்லை. பின் ஏன்?

விடை இரும்பின் அணு அடுக்கில் இருக்கிறது. ஒரு கனசதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மூலைகளிலும் ஒவ்வோர் அணு, நடுவில் ஓர் அணு. சாதாரண எஃகில் இரும்பணுக்கள் இப்படித்தான் அடுக்கப்பட்டுள்ளன. இந்த வரிசைகளில் ஆங்காங்கே சிறு பிசகுகள் இருக்கும்.

விரித்த பெரிய பாயை நகர்த்த வேண்டுமா? முழுப் பாயையும் இழுப்பது கடினம். ஓர் ஓரத்தில் மடிப்பு ஒன்றை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் பாய் எளிதில் நகர்ந்துவிடும். பிசகு என்பது அந்த மடிப்பைப் போன்றது. அது நகர்வதால்தான் உலோகம் உடையாமல் வளைகிறது.

இரும்பில் பிசகு நகர, அணுக்களின் வெப்ப அதிர்வும் துணைபுரிய வேண்டும். குளிர்ந்தால் அதிர்வு குறைகிறது. பிசகு நகரத் தேவையான விசை மிகுதியாகிறது. அப்போது வரிசைகள் வழுக்குவதற்கு முன்பே அணுப் பிணைப்புகள் அறுந்து, விரிசல் மின்னல் வேகத்தில் ஓடுகிறது. இம்மாற்றம் நிகழும் வெப்பநிலைப் பகுதியே மாறுநிலை வெப்பநிலை.

போர்க்காலக் கப்பல்களின் விபத்துகளுக்குப் பற்றவைப்பே காரணம் எனப் பலர் எண்ணினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மையார், எஃகே குளிரில் நொறுங்கும் தன்மை அடைந்ததைக் காட்டினார். பற்றவைத்த தகடுகளில் விரிசலைத் தடுத்து நிறுத்த இடைவெளி இல்லாததால் தீமை பெருகியது.

எஃகை எப்படிச் சோதிக்கிறார்கள்? சிறு வெட்டு இட்ட எஃகுத் துண்டை ஊசல் சம்மட்டியால் அடிப்பார்கள். துண்டை உடைத்த பிறகு சம்மட்டி எவ்வளவு உயரம் ஏறுகிறதோ, அதைக் கொண்டு துண்டு உட்கொண்ட ஆற்றலைக் கணக்கிடலாம். குறைவாக ஏறினால் எஃகு உறுதியானது! பிரான்சு நாட்டு ஷார்ப்பியின் பெயரால் இச்சோதனை வழங்குகிறது.

தூத்துக்குடியின் வெயிலில் இந்தக் கவலை எதற்கு என்கிறீர்களா? இங்கே உரத் தொழிற்சாலை இருக்கிறது. யூரியா செய்ய அமோனியா வேண்டும். சாதாரண அழுத்தத்தில் அமோனியாவைத் திரவமாக வைத்திருக்க அதை −33 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்க வேண்டும். வெளியே கொளுத்தும் வெயில். தொட்டிக்குள்ளே துருவக் குளிர்! ஆகவே அத்தகைய தொட்டிகளுக்குத் தனி எஃகு தேவை. பாஸ்பரசைக் குறைத்து, மாங்கனீசு அல்லது நிக்கல் சேர்த்து, படிகத் துகள்களை நுண்ணியதாக்கினால் மாறுநிலை வெப்பநிலை கீழே இறங்கும்.

செம்பும் அலுமினியமும் இப்படி நொறுங்குவதில்லை. அவற்றில் அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அமைந்துள்ளன. கடுங்குளிரிலும் பிசகுகள் எளிதாக நகர்கின்றன.

அடுத்த முறை துறைமுகம் சென்றால் கப்பலின் தகட்டைப் பார்த்து, "நீ எந்தக் குளிர்வரை தாங்குவாய்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியதன் விலையே ஸ்கெனெக்டடியின் பிளவு.