கொங்கு நாட்டில் குடும்ப நிதி ஆலோசனை

நிதி ஆலோசகர் என்பவர் ஒரு குடும்பத்தின் வரவு, செலவு, கடன், சேமிப்பு ஆகியவற்றைப் பார்த்து, எந்தப் பணத்தை எதில், எவ்வளவு காலத்துக்கு வைக்கலாம் என்று வழி சொல்பவர். பங்கு, மியூச்சுவல் ஃபண்டு போன்றவற்றில் கட்டணம் பெற்று ஆலோசனை சொல்லும் தொழிலை, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2013ஆம் ஆண்டின் விதிகள் மூலம் நெறிப்படுத்துகிறது. கோவை வட்டாரக் குடும்பங்களின் பண வழக்கங்களோடு சேர்த்து இத்தொழிலை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய வழக்கமும் புதிய வருமானமும்

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் உள்ள சரவணம்பட்டி, முன்பு பேரூராட்சியாக இருந்து 2011இல் கோவை மாநகராட்சியுடன் இணைந்தது. தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் வந்தபின் காடும் தோட்டமும் வீட்டுமனைகளாயின. நிலம் விற்ற பெருந்தொகை ஒரு வீட்டிலும், மாதச் சம்பளமும் வீட்டுக்கடனும் அடுத்த வீட்டிலுமாக, பணத்தின் வடிவமே மாறியது.

அதற்கு முன் இப்பகுதியில் சேமிப்பு என்றால் பவுன், நிலம், ஏலச்சீட்டு, வட்டிக்கு விடுதல் ஆகியவைதான். யோசனை சொன்னவர்கள் மாமன், மச்சான், பங்காளி அல்லது ஊரில் நாலு காசு பார்த்த பெரியவர். சொல்பவரை நமக்குத் தெரியும் என்பது இந்த முறையின் பலம். உறவுக்காரரிடம் கணக்குக் கேட்கக் கூச்சப்படுவது அதன் பலவீனம்.

உறவின் வழியே வந்த இழப்பு

அந்தப் பலவீனம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் காட்டின. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்ட ஒரு நிறுவனம், 1.5 லட்சம் ரூபாய் கட்டினால் ஈமு குஞ்சுகளும் தீவனமும் தந்து, வளர்ப்புக் கூலியாக மாதம் 6,000 ரூபாயும் தருவதாகச் சொன்னது. ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்றால் 48 விழுக்காடு. ஈமு இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் அந்த அளவு வருமானம் தரும் சந்தை இங்கு இல்லை. முன்னால் சேர்ந்தவருக்குப் பணம் வந்ததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் சேர்ந்தார். 2012 ஆகஸ்டில் எல்லாம் முடங்கியபோது, கைவிடப்பட்ட பறவைகளுக்குத் தீவனம் போடும் பொறுப்பும் அரசின்மேல் விழுந்தது.

அதற்குச் சற்று முன், 2008–2009 காலத்தில், திருப்பூரில் பாசி என்ற நிறுவனம் அந்நியச் செலாவணி வணிகத்தில் ஈட்டித் தருவதாகப் பல்லாயிரம் பேரிடம் பணம் திரட்டியது. மோசடித் தொகை சுமார் 930 கோடி ரூபாய். வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. கோவைச் சிறப்பு நீதிமன்றம் அதன் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது 2022 ஆகஸ்டில்தான். பணம் கட்டியவர்களின் பிள்ளைகள் இதற்குள் படிப்பு முடித்து, கல்யாண வயதுக்கு வந்திருப்பார்கள்.

ஆலோசகரும் விநியோகஸ்தரும்

மோசடி இல்லாத இடத்திலும் ஒரு கேள்வி உண்டு: யோசனை சொல்பவருக்குக் கூலி தருவது யார்?

மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தருக்கு ஃபண்டு நிறுவனம் கமிஷன் தருகிறது. அது நம் முதலீட்டிலிருந்தே செலவாகக் கழிகிறது. பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகருக்கு நாமே கட்டணம் தருகிறோம். ஆலோசனைக் கட்டணம் வாங்கும் குடும்பத்துக்கே பொருளை விற்றுக் கமிஷனும் பெறக் கூடாது என்று செபி 2020இல் விதித்தது. இதில் குடும்பம் என்பது வாடிக்கையாளரோடு, அவரைச் சார்ந்த மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோரையும் சேர்த்தே கணக்கிடப்படும்.

2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் கமிஷன் இல்லாத நேரடித் திட்டமும் உண்டு. வேறுபாடு சிறியதாகத் தோன்றும். ஆனால் ஒரு லட்சம் ரூபாய் 20 ஆண்டுகளில், ஆண்டுக்கு 10 விழுக்காடு வளர்ந்தால் சுமார் 6.73 லட்சம் ஆகும். 9 விழுக்காடு என்றால் சுமார் 5.60 லட்சம்தான். எனினும் கமிஷன் வாங்குவது தவறன்று. படிவம் நிரப்புவது, சந்தை சரியும்போது தைரியம் சொல்வது என நல்ல விநியோகஸ்தர் செய்யும் வேலைக்கு மதிப்பு உண்டு. அவர் எதற்காக, எவ்வளவு பெறுகிறார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சந்தையின் தேதியும் குடும்பத்தின் தேதியும்

மும்பைச் சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளை ஒட்டி இருந்தது. 2009 மார்ச்சில் சுமார் 8,000 ஆனது. 2010 நவம்பரில் மீண்டும் 21,000ஐத் தொட்டது. உச்சத்தில் 10 லட்சம் ரூபாய் போட்ட ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். மகளின் கல்யாணம் 2009 மார்ச்சில் என்றால் கையில் கிடைப்பது நான்கு லட்சத்துக்கும் குறைவு. அதே கல்யாணம் 2010 கடைசியில் என்றால் போட்ட பணம் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்திருக்கும்.

சந்தை மீண்டு வரலாம். ஆனால் முகூர்த்தமும் கல்லூரிக் கட்டணமும் அதுவரை காத்திருக்காது. ஆகவே எந்தப் பணம் எப்போது தேவை என்று கேட்பதே ஆலோசகரின் முதல் வேலை. மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச்சந்தையில் வைக்காமல், வங்கி அல்லது அஞ்சலக வைப்பில் வைப்பதே பாதுகாப்பு. வங்கி வைப்புக்கும் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு உண்டு.

வீட்டில் பேச வேண்டியவை

குடும்பத் தலைவருக்கு மட்டுமே தெரிந்த முதலீடு, அவர் போனபின் குடும்பத்துக்கு இல்லாத முதலீடு போன்றது. கணக்கு, பாலிசி, சீட்டு, கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கணவன் மனைவி இருவரும் அறிந்திருப்பது நல்லது. வீட்டுக்கடன் உள்ளவர்கள், அதை ஈடுகட்டும் அளவு ஆயுள் காப்பீடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நாமினி பற்றியும் தெளிவு தேவை. பங்குகளுக்கு நாமினியாகப் பெயர் எழுதப்பட்டவர் அவற்றின் முழு உரிமையாளர் ஆகிவிடமாட்டார், வாரிசுரிமைச் சட்டமே உரிமையைத் தீர்மானிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே யாருக்கு எது என்பதை உயிலாக எழுதி வைத்தால், உடன்பிறந்தவர்கள் பின்னால் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்காது.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. உங்கள் பதிவு எண் என்ன? முதலீட்டு ஆலோசகரின் செபி எண் ஐஎன்ஏ என்றும், விநியோகஸ்தரின் எண் ஏஆர்என் என்றும் தொடங்கும். இரண்டையும் இணையத்தில் சரிபார்க்கலாம்.

2. உங்களுக்குப் பணம் தருவது யார்?

3. இந்த வருமானம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது? இந்த அளவு லாபம் கிடைக்கும் என்று பங்குச்சந்தையில் உறுதி சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை.

4. பாதியில் பணம் தேவைப்பட்டால் எவ்வளவு நாளில், எவ்வளவு கழிவுடன் கிடைக்கும்?

சீட்டு என்றால், 1982ஆம் ஆண்டுச் சிட்ஃபண்டு சட்டப்படி பதிவானதா என்று கேட்க வேண்டும். கேட்பவர் மச்சானாகவும் பதில் சொல்பவர் மாமனாகவும் இருந்தாலும் இக்கேள்விகள் மரியாதைக் குறைவல்ல. சரியான கணக்குக் காட்டுபவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.