சுடச் சொன்னது யார்?
13 உயிர்களைக் குடித்த தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு

2018-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி. செவ்வாய்க்கிழமை.

தூத்துக்குடியில் காலையிலேயே வெயில் கொளுத்தியது. வெயிலைப் பொருட்படுத்தாமல் ஆயிரக்கணக்கான மக்கள் வீதிக்கு வந்தார்கள். மீனவர்கள் வந்தார்கள். வியாபாரிகள் கடையை அடைத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் கைக்குழந்தையோடு வந்தார்கள். மாணவ, மாணவிகளும் வந்தார்கள்.

எல்லோரும் போன இடம் ஒன்றுதான்: கலெக்டர் அலுவலகம்.

கேட்டதும் ஒன்றுதான்: "ஸ்டெர்லைட் ஆலையை மூடு!"

அன்று மாலைக்குள் அந்த ஊர் பிணக்காடு ஆயிற்று. போலீசார் சுட்டார்கள். மறுநாளும் சுட்டார்கள். மொத்தம் 13 பேர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயம் அடைந்தார்கள். இறந்தவர்களில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு பெண்ணும் உண்டு.

100-வது நாள்

ஸ்டெர்லைட் என்பது தாமிரம் உருக்கும் ஆலை. வேதாந்தா கம்பெனிக்குச் சொந்தமானது. 1990-களில் தூத்துக்குடிக்கு வந்தது. ஆலைப் புகையால் மூச்சுத் திணறுகிறது, நிலத்தடி நீர் கெடுகிறது என்று மக்கள் தொடக்கம் முதலே சொல்லி வந்தார்கள். கம்பெனி அதை மறுத்து வந்தது. சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்காக அந்த ஆலை ரூ.100 கோடி கட்ட வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் எடுத்த ஆலையை இரண்டு மடங்கு ஆக்கப் பார்த்தார்கள். 2018 பிப்ரவரியில் அ.குமரெட்டியாபுரம் கிராம மக்கள் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் போராட்டத்தின் 100-வது நாள்தான் மே 22.

முதல் நாளே 144 தடை உத்தரவு போடப்பட்டது. அப்படியும் மக்கள் புறப்பட்டார்கள்.

போலீஸ் சொன்னது என்ன?

கூட்டம் கல் வீசியது, வாகனங்களுக்குத் தீ வைத்தது, கலெக்டர் அலுவலகத்துக்குள் புகுந்தது, வேறு வழி இல்லாமல் சுட்டோம். இது போலீஸ் தரப்பின் விளக்கம். கல் வீச்சும் தீ வைப்பும் நடந்தது உண்மை.

ஆனால், துப்பாக்கிக்கு என்று ஒரு முறை இருக்கிறது. கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் எச்சரிக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் கண்ணீர்ப் புகை, தடியடி. துப்பாக்கி கடைசியில்தான் வர வேண்டும். அப்போதும் காலைப் பார்த்துத்தான் சுட வேண்டும். கலைப்பதற்குத்தான் துப்பாக்கி, கொல்வதற்கு அல்ல.

இந்த முறை அன்று நடந்ததா? மக்கள் மனதில் அடுக்கடுக்காகக் கேள்விகள் எழுந்தன.

வேன் மீது ஏறியவர்

சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வேனின் மீது ஏறிப் படுத்துக் குறி பார்த்தார். அந்தக் காட்சியை நாடே டெலிவிஷனில் பார்த்தது. கூட்டத்தைக் கலைப்பவர் எதற்காகக் குறி பார்க்க வேண்டும்?

கலெக்டர் அலுவலகத்தில் இருந்து வெகு தூரத்தில், கடற்கரையை ஒட்டி இருப்பது திரேஸ்புரம். அங்கே ஒரு பெண் குண்டு பாய்ந்து இறந்தார். அங்கே ஏன் சுட்டார்கள்?

மறுநாள் 23-ந் தேதி அண்ணாநகர் பகுதியில் 22 வயது இளைஞர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். மறுநாளும் சுட வேண்டிய அவசியம் என்ன?

பதில் சொல்வார் இல்லை. தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களில் இன்டர்நெட்டையும் நிறுத்திவிட்டார்கள். வாயை மூடினால் சந்தேகம் குறையுமா? வளரத்தான் செய்யும்.

மே 28-ந் தேதி ஆலையை மூட அரசு உத்தரவிட்டது. "இதை ஒரு வாரம் முன்னால் செய்திருந்தால் 13 பேரும் உயிரோடு இருந்திருப்பார்களே!" என்று மக்கள் புலம்பினார்கள்.

3 ஆயிரம் பக்க அறிக்கை

ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. 1,048 பேர் சாட்சி சொன்னார்கள். 4 ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 மே 18-ந் தேதி, சுமார் 3 ஆயிரம் பக்க அறிக்கை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலினிடம் கொடுக்கப்பட்டது.

சில மாதங்கள் அது வெளியே வரவில்லை. ஆகஸ்டில் ஒரு பத்திரிகை மூலம் கசிந்தது. அக்டோபர் 18-ந் தேதிதான் சட்டசபையில் வைக்கப்பட்டது.

மக்கள் சந்தேகப்பட்டது வீண் அல்ல என்று அந்த அறிக்கை காட்டியது. தப்பி ஓடியவர்களைப் போலீசார் சுட்டிருக்கிறார்கள். கலெக்டர் அலுவலகப் பூங்காவில் மறைந்து இருந்து சுட்டிருக்கிறார்கள். ஒரே போலீஸ்காரர் 17 முறை சுட்டிருக்கிறார். மாவட்டமே கொந்தளித்த அன்று கலெக்டர் கோவில்பட்டியில் இருந்திருக்கிறார். இவை எல்லாம் கமிஷனின் முடிவுகள்.

அப்போதைய ஐ.ஜி. முதல் போலீஸ்காரர் வரை 17 பேர் மீதும், கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கக் கமிஷன் சிபாரிசு செய்தது. "டெலிவிஷனைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது" என்று அன்றைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி சொல்லி இருந்தார். அது சரியல்ல, அதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் தகவல் சொல்லி வந்தார்கள் என்றும் கமிஷன் எழுதியது.

கமிஷன் தண்டிக்க முடியுமா?

முடியாது. பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான்.

விசாரணைக் கமிஷன் வேறு, கோர்ட்டு வேறு. 1952-ம் ஆண்டு சட்டப்படி கமிஷன் உண்மையைத் தேடலாம், சாட்சிகளை அழைக்கலாம், சிபாரிசு செய்யலாம். ஒருவரைக்கூட சிறைக்கு அனுப்ப முடியாது. ஏற்பதும் ஏற்காததும் அரசின் கையில் இருக்கிறது. வழக்குப் போட்டு, கோர்ட்டில் நிரூபித்தால்தான் தண்டனை.

அறிக்கை வெளியானதும் 4 போலீசார் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். வழக்கை விசாரிக்கும் பொறுப்பு 2018 ஆகஸ்டிலேயே ஐகோர்ட்டு மதுரைக் கிளையின் உத்தரவுப்படி சி.பி.ஐ.க்குப் போயிருந்தது. ஆண்டுகள் ஓடின. உறவினர்களோ கோர்ட்டுப் படிகளில் ஏறி இறங்கினார்கள்.

டயர் சொன்ன பதில்

1919 ஏப்ரல் 13-ந் தேதி. ஜாலியன்வாலாபாக். வெள்ளைக்கார ஜெனரல் டயரின் படை 1,650 ரவுண்டு சுட்டது. அரசுக் கணக்குப்படியே 379 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஹண்டர் குழு முன்னால் வந்த டயர், சுட உத்தரவிட்டது தானே என்று ஒளிக்காமல் சொன்னான். அவன் செய்தது மன்னிக்க முடியாத கொடுமை. ஆனால், உத்தரவு யாருடையது என்ற கேள்விக்கு ஏழே மாதத்தில் பதில் கிடைத்தது.

சுதந்திர நாட்டில், நம் வரிப்பணத்தில் வாங்கிய துப்பாக்கி. அதைச் சுடச் சொன்னது யார் என்று எழுதிக் காட்டவே 4 ஆண்டு பிடித்தது!

அண்ணனூருக்கு என்ன?

தூத்துக்குடி எங்கே, அண்ணனூர் எங்கே என்று சிலர் நினைக்கலாம். அண்ணனூரில் இருந்து விடிந்ததும் மின்சார ரெயில் ஏறி அம்பத்தூர், ஆவடி பக்கம் ஆலை வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். குடிநீர் கெட்டாலும், புகை சூழ்ந்தாலும், சம்பளம் நின்றாலும் அவர்களும் மனுவை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். போகிறவர் உயிரோடு வீடு திரும்புவார் என்ற நம்பிக்கை எல்லா ஊருக்கும் பொது.

இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு பணம் கொடுத்தது. வேலையும் கொடுத்தது. அது வயிற்றுக்கு ஆயிற்று. "என் பிள்ளையைச் சுடச் சொன்னவர் யார்? அவருக்கு என்ன தண்டனை?" என்று கேட்கும் தாய்க்கு அந்தப் பணம் பதில் ஆகாது.

அந்தப் பதிலைக் கோர்ட்டுதான் சொல்ல வேண்டும்.