காசோலை எழுதுவதில் கவனம்

காசோலை என்பது, “இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க” என்று நாம் வங்கிக்கு இடும் எழுத்து மூலமான கட்டளையாகும். நூல் விலைக்கோ உர விலைக்கோ அதனை எழுதும்போது வெற்றிடம் விடுவோமாயின், அதைப் பிறர் நிரப்புவர்; நட்டமோ நம்மைச் சேரும்.

லண்டனில் நடந்த ஒரு வழக்கு இதற்குத் தக்க சான்று. ஒரு வணிக நிறுவனத்தின் குமாஸ்தா, வெளியே புறப்பட்டுக்கொண்டிருந்த பங்குதாரரிடம் காசோலை ஒன்றில் கையொப்பம் பெற்றார். இலக்கத்தில் 2 பவுன் என்றிருந்தது. எழுத்தால் எழுதவேண்டிய இடம் வெறுமையாயிருந்தது. குமாஸ்தா 2-க்கு முன்னே 1-ஐயும் பின்னே ஒரு சுழியையும் சேர்த்து, எழுத்திலும் 120 பவுன் என நிரப்பிப் பணத்தைப் பெற்று மறைந்தார். வங்கியின் மீது தவறில்லை, நட்டம் நிறுவனத்தையே சாரும் என்று பிரபுக்கள் சபை 1918-இல் தீர்ப்பளித்தது.

தமிழில் எழுதும்போதும் இவ்வபாயம் உண்டு. “ஐந்நூறு” என்பதை வரியின் நடுவில் எழுதினால், அதற்கு முன்னே “இரண்டாயிரத்து” என்று சேர்ப்பது எளிது. ஆதலால் தொகையை இடது ஓரத்திலிருந்தே நெருக்கமாகத் தொடங்கி, “மட்டும்” என்று முடித்து, எஞ்சிய இடத்தைக் கோடிட்டு அடைத்தல் வேண்டும். இலக்கமும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்திலுள்ள தொகையே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் கூறுகிறது. எனினும் அத்தகைய காசோலையை வங்கிகள் திருப்பிவிடுவது வழக்கம்.

பிழை நேர்ந்தால் அடித்துத் திருத்திப் பக்கத்தில் ஒப்பமிடுவது பழைய பழக்கம். இன்று காசோலைகள் படிமமாகவே தீர்வகத்துக்குச் செல்வதால், பெயரிலோ தொகையிலோ திருத்தமுள்ளவை அங்கு ஏற்கப்படுவதில்லை. பிழையுற்றதை ரத்துச் செய்து புதியது எழுதுவதே முறை.

தேதியிலும் கருத்து வேண்டும். 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுள் ஆறு மாதத்தினின்று மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பெற்றதைப் பெட்டியில் பூட்டிவைத்து அறுவடைக்குப்பின் எடுத்துச் செல்வோர் இதனை நினைவிற்கொள்க.

அன்றியும், தபாலிலோ பிறர் கையிலோ அனுப்பும் காசோலையின் இடது மேல்மூலையில் இரு இணைகோடுகள் இட்டு, “பெறுபவர் கணக்கில் மட்டும்” என எழுதுவது நலம். அது பிறர் கைக்குப் போயினும் வங்கியில் நேரே ரொக்கமாக மாற்ற இயலாது.

இறுதியாகச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. தலைவரும் செயலாளரும் கூட்டாகக் கையொப்பமிடும் ஏற்பாடு, ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்கும் பொருட்டே அமைந்தது. வெளியூர் செல்லுமுன் வெற்றுக் காசோலைகளில் ஒப்பமிட்டு வைத்துச் செல்வாராயின், அப்பாதுகாப்பு அடியோடு அழிகிறது. அங்குள்ளது நெசவாளியின் கூலியும் உழவரின் விளைச்சலும் சேர்ந்த பொதுப்பணம். அடிக்கட்டையில் பெயர், தேதி, தொகை மூன்றையும் குறித்து, முழுதும் நிரப்பிய காசோலையைப் படித்துப் பார்த்த பின்னரே ஒப்பமிடுவோமாக.