வழிநூலும் வழிப்படமும்

தோட்டத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், மறுநாள் விடியுமுன் பெரட்டுக்களத்தில் இரண்டாவது காட்சி ஒன்று நடைபெறும். காய்ச்சலாலோ கைக்குழந்தையாலோ முதல்நாள் வர இயலாமற்போனவர்க்கு, பார்த்தவர் கதை சொல்லுவார். லாபு, ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த நம்மில் பலர் அறிந்த முதற்சினிமா இவ்வாறு வாய்வழியே வந்ததுதான். சொல்வோருள் இருவகையினர் இருந்தனர். ஒருவர் கதையை அது நடந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்போரைத் தவிக்கவிடுவார். மற்றவரோ ஒரு காரை நான்காக்குவார். ஒரு சண்டையை ஊர்ச்சண்டையாக்குவார். அவர் முடிக்கும் முன்பே பாதிப்பேர் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு வெட்டுக்காட்டுக்குப் புறப்பட்டிருப்பர்.

இவ்வேறுபாட்டை நம் இலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்பே எண்ணிப்பார்த்தது. தொல்காப்பிய மரபியல், முதனூலின் வழிவருவதை வழிநூல் என்று கூறித் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுக்கிறது. பிறர் பொருளை எடுத்தாள்வதை அது குற்றமாகக் கருதவில்லை. எவ்வகையில் எடுத்தாள்கிறோம் என்பதையே கேட்கிறது. அக்கேள்வியை நாம் இங்கு ஒரு திரைக்கதையின்மேல் வைத்துப் பார்க்கிறோம்.

அக்கதை 2011ஆம் ஆண்டு பிரெதெரிக் ஜார்தேன் இயக்கிய பிரெஞ்சுப் படத்தில் பிறந்தது. படத்தின் பெயர் ‘நுய் பிளான்ஷ்’. சொற்பொருள் வெள்ளை இரவு. பிரெஞ்சுக்காரர் வழக்கில் கண்மூடாது கழித்த இரவு. ஒரு காவலர் போதைப்பொருள் பையொன்றைப் பறிக்கிறார். பறிகொடுத்தவன் அவருடைய மகனைப் பிடித்துவைத்து, பையைத் தன் இரவு விடுதிக்குக் கொண்டுவரச் சொல்கிறான். பையைக் கழிப்பறையின் மேற்கூரையில் அவர் ஒளித்துவைக்க, பின்தொடர்ந்து வந்த பெண் காவலர் அதை இடம் மாற்றிவிடுகிறார். ஏமாற்றுவதற்கு மாவுப் பொட்டலங்களே மிஞ்சுகின்றன. விலாவில் கத்திக்குத்துடன், ஆட்டக்கூடம், சமையற்கட்டு, கழிப்பறை என ஒரே கட்டடத்துக்குள் அத்தந்தை இரவு முழுதும் ஓடுகிறார். படத்தின் வலிமை அந்த நெருக்கடியில் இருக்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் நகரும் ஒவ்வோர் அடியும் நமக்கு வலிக்கும். வெளியேற வழியில்லாத இடமும் நல்ல தந்தையாக இருந்திராத ஒருவரின் பதற்றமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

2017 சனவரியில் அமெரிக்கர் இதையே ‘ஸ்லீப்லெஸ்’ எனும் பெயரில் வெளியிட்டனர். ஜேமி ஃபாக்ஸ் திறமையான நடிகர். ‘ரே’ படத்துக்காக ஆஸ்கார் பெற்றவர். ஆயினும் படம் ஏமாற்றமளித்தது. விடுதி இருந்த இடத்தில் லாஸ் வேகாஸ் நகரின் மாபெரும் சூதாட்ட மாளிகை வந்தது. அறைகள் பெருகின, விளக்குகள் பெருகின, கார்களும் மோதின. இடம் விரிந்தது, காலமோ சுருங்கியது. ஒன்றரை மணிநேரத்தைச் சற்றே தாண்டும் படத்தில், தந்தை மூச்சுவாங்கக்கூட நேரமில்லை. குத்துப்பட்ட காயம் தலைவனுக்கு வேண்டியபோது வலிக்கிறது, வேண்டாதபோது மறைகிறது. மரபியல் கூறும் விரித்தல் இதுவன்று. விரித்தல் எனில் பொருள் விரியவேண்டும். இங்கே கட்டடம் மட்டுமே விரிந்தது.

அமெரிக்கர்க்கு அயற்கதை கைவராது என்று இதைக்கொண்டு முடிவுகட்டிவிடக் கூடாது. பிரெஞ்சுப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த டாம் ஸ்டெர்ன், கிளின்ட் ஈஸ்ட்வுட் படங்கள் பலவற்றில் பணியாற்றிய அமெரிக்கர். அமெரிக்கப் படத்தை இயக்கிய பாரன் போ ஓடாரோ சுவிட்சர்லாந்தில் பிறந்தவர்! ஹாங்காங்கின் ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ (2002) கதையை மார்ட்டின் ஸ்கார்செசி பாஸ்டன் நகரத்து ஐரிஷ் மக்களிடையே நட்டுவைத்த ‘தி டிபார்ட்டட்’ (2006), சிறந்த படத்துக்கான ஆஸ்காரையே பெற்றது. புதிய மண்ணில் அக்கதைக்கு உறவுகளும் பேச்சும் கிடைத்தன. லாஸ் வேகாஸில் கிடைத்தவை விளக்குகள் மட்டுமே.

இவ்விரண்டுக்கும் நடுவில், 2015 நவம்பர் 10ஆம் நாள், தீபாவளியன்று, ராஜேஷ் எம். செல்வா இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘தூங்காவனம்’ வந்தது. முதலில் பெயரைப் பாருங்கள். தூங்கா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். மதுரையைத் தூங்காநகரம் என்று வழங்கும் வழக்கை நகரத்திலிருந்து வனத்துக்குப் பெயர்த்திருக்கிறார்கள். பிரெஞ்சுச் சொல்லையும் ஒட்டாமல், ஆங்கிலச் சொல்லையும் தேடாமல், தமிழ் தன்னிடமிருந்ததையே எடுத்துத் தந்தது. படமும் இரவு விடுதியைவிட்டு அதிகம் விலகவில்லை. கதையை நிறுத்திவிட்டுக் காதற்பாட்டுக்குப் போகவுமில்லை. மூலத்தின் நெருக்கடியைக் காத்தவகையில் அதை மொழிபெயர்ப்பு வகையிற் சேர்க்கலாம். ஆயினும் குறை உண்டு. அவ்விடுதியில் எந்த ஊரின் மண்ணும் ஒட்டவில்லை. பெயரில் இருந்த தமிழ்ச்சுவை உரையாடலில் அவ்வளவாக இறங்கவில்லை என்பது நம் கருத்து. கமல்ஹாசனே எழுதி நடித்த ‘குருதிப்புனல்’ (1995), கோவிந்த் நிஹலானியின் ‘துரோகால்’ எனும் இந்திப் படத்தின் வழிவந்தது. அதில் இக்குறை தோன்றாமைக்குக் காரணம், அதிகாரிகள் இருவரின் குடும்பங்கள் நம் வீட்டு மனிதராகவே தெரிவதுதான்.

இதையெல்லாம் சிரம்பானில் ஏன் பேசுகிறோம் என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கிறார்கள். கொரியக் கதையும் ஆங்கிலக் கதையும் ஆட்பெயர் மட்டும் மாறி வருகின்றன. கதைமாந்தர் நள்ளிரவில் எங்கோ ஓடுகின்றனர். அது எந்த ஊர் என்று நமக்குத் தெரிவதில்லை. அவர்தம் பெற்றோர் பிறந்த லயங்களோ பல இடங்களில் இப்போது இல்லை. செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்துவிட்டன. அங்கு வழங்கிய பேச்சைப் பதிந்துவைக்க எஞ்சிய கருவிகளுள் அக்குறும்படமும் ஒன்று.

அதே கதையை நம் பிள்ளையொருவர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தந்தை செனவாங் தொழிற்பேட்டையில் இரவுக்காவலர். மகன் மண வீட்டிலோ பந்துத் திடலிலோ காத்திருக்கிறான். ஒரே தொழிற்சாலை, ஒரே இரவு, பூட்டிய வாயில். துப்பாக்கி வேண்டியதில்லை. “அப்பா வருவாருடா” என்று பக்கத்து வீட்டு அத்தை அவனிடம் எத்தனை முறை சொல்கிறார், எந்த முறையில் அவர் குரல் மாறுகிறது என்பதிலிருந்து எழுதத் தொடங்கலாம்.