எந்த மொழியில் அழுவது?

காய்ச்சல் என்றால் வெப்பமானி சொல்லிவிடும். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படம் காட்டிவிடும். மனத்தில் நோய் என்றாலோ, மருத்துவருக்குப் பெரும்பாலும் நோயாளியின் வாய்ச்சொல்தான் துணை. அச்சொல் எந்த மொழியில் வருகிறது என்பது சிறிய விஷயமன்று.

"வயிறு எரிகிறது" என்று நம் ஊர்த் தாய் ஒருத்தி சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதைக் கேட்டு ஒருவர் ஆங்கிலத்தில் அப்படியே எழுதிக் கொடுத்தால், அவளுக்குக் குடற்புண் மாத்திரைதான் கிடைக்கும். பிள்ளையை இழந்தவளின் வயிறு எரிவது வேறு என்று தமிழ் தெரிந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. "நெஞ்சை அடைக்குது", "மனசு பாரமா இருக்கு", "தலை கிறுகிறுங்குது" என்று நம் வீடுகளில் எத்தனை பேச்சுகள்! துயரத்தை உடம்பின் மேல் ஏற்றிச் சொல்வது நம் வழக்கம். இராஜபாளையத்திலோ பல வீடுகளுக்குள் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், படிப்பில் ஆங்கிலம். அங்குள்ள ஒரு மாணவி தன் பயத்தை எந்த மொழியில் சொல்வாள்?

இக்கேள்வி மேல்நாட்டிலும் பழையது. 1880-ஆம் ஆண்டு வியன்னாவில், தந்தையின் நோய்ப்படுக்கை அருகே கண்விழித்திருந்த பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இருபத்தொரு வயதுப் பெண் நோயுற்றாள். தாய்மொழியாகிய ஜெர்மன் அவளை விட்டுப் போயிற்று. சில காலம் ஆங்கிலம் மட்டுமே பேசினாள். மருத்துவர் யோசப் புரூயர் நாள்தோறும் அமர்ந்து அவள் பேச்சைக் கேட்டார். அம்முறைக்குப் 'பேச்சு வைத்தியம்' என்ற பெயரை ஆங்கிலத்தில் சூட்டியவளும் அவளே. உடனே குணமானாள் என்பது கதை. பின்னும் மருத்துவமனைகளில் இருந்தாள். ஆயினும் 1904-இல் யூதப் பெண்கள் சங்கம் ஒன்றை நிறுவி, பெண்களுக்காக உழைத்தாள். புரூயரை விட அவளே என் மதிப்பில் உயர்ந்து நிற்கிறாள்.

1950-இல் ரால்ஃப் கிரீன்சன் என்ற அமெரிக்க மருத்துவர், ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். ஜெர்மனில் பேசினால் அவள் அஞ்சிய குழந்தையாக உணர்ந்தாள். ஆங்கிலத்திலோ நாகரிகமான மங்கை. பிற்காலத்தில் கற்ற மொழி ஒரு திரை போன்றது. கூசும் செய்தியை அதன் மறைவில் சொல்லிவிடலாம். ஆனால் அழுகை தாய்மொழியில்தான் வரும். பல மொழி அறிந்த மருத்துவர் இரண்டுக்கும் இடம் தருவார்.

நம் மாநிலத்தில் இத்துறையின் முன்னோடி டாக்டர் சாரதா மேனன். 1923-இல் மங்களூரில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தார். துளுவும் கன்னடமும் வழங்கும் ஊர் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் மனநலப் பயிற்சி பெற்று, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்ற பெயர் பெற்றார். 1961-இல் கீழ்ப்பாக்கம் அரசு மனநோய் மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளரானார். மருந்தோடு கைத்தொழிலும் வேண்டும், குடும்பமும் உடன் நிற்க வேண்டும் என்பது அவர் வழி. ஓய்வு பெற்ற பின்னும் ஓயவில்லை. மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984-இல் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-இல் பத்மபூஷண் பெற்றார். 2021-இல் தம் 98-ஆம் வயதில் மறைந்தார்.

"பாவசங்கீர்த்தனம் இருக்கையில் இது எதற்கு?" என்று தோழியர் சிலர் கேட்பதுண்டு. இரகசியம் காப்பது இரண்டிலும் உண்டு. ஆனால் குருவானவரிடம் நாம் கொண்டு செல்வது பாவத்தை, மருத்துவரிடம் நோயை. மனச்சோர்வு பாவமன்று, அதற்கு மன்னிப்பும் தேவையில்லை. இதைப் புரிந்துகொள்ளாத வீடுகளில்தான் நோயாளியைப் பேய் பிடித்தவளென்று கட்டிப் போடுகிறார்கள். 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். ஏர்வாடி நமக்குத் தொலைதூரத்து ஊரன்று.

இரவில் உறக்கமின்றி, சொல்ல ஆளின்றித் தவிப்பவர்களுக்கு 2022 முதல் மத்திய அரசின் 'டெலி-மானஸ்' தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் பேசலாம். மொழியை நாமே தேர்ந்துகொள்ளலாம். தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு.